ஒரு கம்பி, ஒன்பது கம்ப்யூட்டர்!

"உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்?" என்று யாராவது கேட்டால், "ஒன்றுதான், பையனுடையதையும் சேர்த்தால் இரண்டு" என்று சட்டென்று பதில் சொல்லிவிடுவோம். நிதானமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் அல்லவா உண்மை தெரியும்! மேஜைமேல் இருப்பது ஒன்று. ஆபீஸில் கொடுத்த லாப்டாப் ஒன்று. காலேஜ் பிள்ளையின் லாப்டாப் ஒன்று. ஆளுக்கு ஒன்றாகச் செல்போன் நாலு. கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் டெலிவிஷன் இருக்கிறதே, அதன் வயிற்றுக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்தான் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெண் பாடம் படிக்கும் டாப்லெட் ஒன்று. ஆகக் கூடி ஒன்பது!

ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவது ஒரே கம்பி. மாதம் பிறந்தால் கட்டுவதும் ஒரே பில். அந்த ஒற்றைக் கம்பி இந்த ஒன்பது பேருக்கும் எப்படிப் போதுகிறது? பிள்ளை கேட்ட சினிமா தப்பிப்போய்ப் பாட்டியின் செல்போனில் வந்து விழாமல் இருப்பது எப்படி? எல்லாம் சரியாக இருந்தும் சில நாள் ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் மாட்டு வண்டி வேகத்தில் நகர்வானேன்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டால் விஞ்ஞான அறிவு வளர்வதோடு வீட்டில் சண்டையும் கொஞ்சம் குறையும். ஆகவே சற்று விசாரிக்கலாம், வாருங்கள்.

டெலிபோன் கம்பிக் காலம்

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. வி.எஸ்.என்.எல். என்னும் அரசாங்கக் கம்பெனி அதைத் தொடங்கி வைத்தது. அப்போதெல்லாம் டெலிபோனைச் சுழற்றுகிற மாதிரியேதான் இன்டர்நெட்டையும் கூப்பிட வேண்டும். மோடம் என்ற பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தும்; கொஞ்ச நேரம் கத்திய பிறகு மனமிருந்தால் இணைப்புக் கொடுக்கும். பிள்ளை இன்டர்நெட்டில் இருக்கும் வரையில் டெலிபோன் 'என்கேஜ்டு'தான். ஊரிலிருந்து பெரியப்பா எத்தனை தடவை கூப்பிட்டாலும் கிடைக்காது.

2004-ல் மத்திய சர்க்கார் பிராட்பேண்ட் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஒரு விநாடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் வேகம் இருந்தால்தான் அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர் என்றது. 2005 ஆரம்பத்தில் பி.எஸ்.என்.எல். அந்தச் சேவையைத் தொடங்கியது. அதே பழைய டெலிபோன் கம்பிதான். ஆனால் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். மனிதக் குரலுக்குக் கம்பியின் அடி ஸ்தாயி மட்டும் போதும்; மேல் ஸ்தாயிகள் எல்லாம் சும்மா கிடந்தன. அந்த மேல் ஸ்தாயிகளில் கம்ப்யூட்டரின் செய்தியை ஏற்றிவிட்டார்கள். சுவரில் மாட்டிய ஒரு சின்னப் பிரிப்பான் பெட்டி, குரலை ஒரு பக்கமும் செய்தியை மறு பக்கமுமாகப் பிரித்துக் கொடுத்தது. பெரியப்பாவும் பேசலாம், பிள்ளையும் படிக்கலாம் என்றாயிற்று.

அந்த நாளில் சில திட்டங்களில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிக் கொள்ளலாம், கணக்கில்லை என்று ஒரு சலுகை உண்டு. பரீட்சைக்குக்கூட எழுந்திராத பிள்ளைகள் அதற்காக அலாரம் வைத்துக்கொண்டு எழுந்தார்கள்! பிறகு 2013-ல் அந்த 256 என்பது 512 ஆயிற்று. 2023-ல் 2 மெகாபிட் ஆயிற்று. செப்புக் கம்பி வந்த வழியில் இப்போது பல வீடுகளுக்குத் தலைமயிர் போன்ற கண்ணாடி இழை வருகிறது. அதில் ஓடுவது வெளிச்சம். 100 மெகாபிட் என்பது இன்று சாதாரணப் பேச்சு.

இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தது

இணைப்புக் கொடுத்தவர்கள் ஆதியில் மனத்தில் வைத்திருந்தது ஒரு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பதைத்தான். இரண்டாவது வந்ததும் தகராறும் கூடவே வந்தது. கம்பியை இதிலிருந்து பிடுங்கி அதில் செருகுவது, அதிலிருந்து பிடுங்கி இதில் செருகுவது என்று எத்தனை நாள் காலம் தள்ள முடியும்?

1999-ல் வந்த விண்டோஸ் 98-ன் இரண்டாம் பதிப்பில் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் இன்டர்நெட்டோடு பேசும். மற்றக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதனோடு பேசும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காவற்காரனாக நிற்கும் அந்த முதல் கம்ப்யூட்டர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டும். அப்பா அதை அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் வீடு முழுவதற்கும் இன்டர்நெட் தூங்கிவிடும்.

'காவல் வேலைக்கு ஒரு முழுக் கம்ப்யூட்டர் எதற்கு? திரையும் வேண்டாம், தட்டச்சுப் பலகையும் வேண்டாம். உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று போதுமே!' என்று யோசித்ததன் பயன்தான் இன்று அலமாரிமேல் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரூட்டர். அதுவும் ஒரு கம்ப்யூட்டரே. நம்முடைய கணக்கில் அதைச் சேர்த்தால் பத்து!

விலாசப் பஞ்சம்

இனி, சுவாரஸ்யமான விஷயத்துக்கு வருவோம். இன்டர்நெட்டில் ஒரு யந்திரம் இன்னொன்றோடு பேசவேண்டுமானால் இரண்டுக்கும் விலாசம் வேண்டும். கடுதாசி போட விலாசம் வேண்டியதில்லையா? அதுபோல. இந்த விலாசத்துக்கு ஐ.பி. விலாசம் என்று பெயர். நாலு எண்களை நடுவில் புள்ளி வைத்து எழுதுவார்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையில் இருக்கலாம். இந்த முறையில் மொத்தம் 429,49,67,296 விலாசங்கள் கிடைக்கும். அதாவது சுமார் 430 கோடி.

1981-ல் இந்த முறையை எழுதி வைத்தபோது அது அட்சய பாத்திரமாகத் தோன்றியது. கம்ப்யூட்டர் என்பது அப்போது சர்வகலாசாலைகளிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் குளிர் அறைக்குள் வைத்துப் பூட்டிய பொருள். மனிதனுக்கு ஒன்று என்று யார் கண்டது? பாட்டி கையிலும் ஒன்று என்று யார் கண்டது? இன்று உலக ஜனத்தொகையே 800 கோடிக்கு மேல். ஆளுக்கு ஒரு விலாசம் கொடுத்தாலும் பாதிப் பேருக்கு இல்லை. உலகத்துக்கெல்லாம் விலாசம் பங்கிடும் ஸ்தாபனத்தின் கைவசமிருந்த கடைசிக் கட்டுகள் 2011 பிப்ரவரி 3-ந் தேதி தீர்ந்து போயின.

ஆனாலும் இன்டர்நெட் நின்றுபோகவில்லை. அன்றைக்கிருந்ததைவிடப் பல மடங்கு யந்திரங்கள் இன்று அதில் பேசிக்கொண்டிருக்கின்றன. எப்படி? அதற்குக் காரணம் 1994 மே மாதத்தில் கேல் எகவாங், பால் பிரான்ஸிஸ் என்ற இருவர் எழுதி வெளியிட்ட ஒரு சிறு குறிப்பு. ஒரே விலாசத்தின் பின்னால் பல யந்திரங்கள் குடியிருக்கலாம் என்ற கருத்துக்கு அந்தக் குறிப்பு வழிகாட்டிற்று. 'விலாச மாற்று' என்று அதைச் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், நிரந்தர ஏற்பாடு வரும் வரையில் தாற்காலிகமாகச் சமாளிக்க என்றுதான் அவர்கள் அதை எழுதினார்கள். அந்தத் தாற்காலிகத்துக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகிறது! வாசல் ஒழுகலுக்குப் போட்ட கீற்றுப் பந்தல் முப்பது வருஷம் தாங்குவதுபோல.

மான்ஷன் மானேஜரின் நோட்டுப் புத்தகம்

திருவல்லிக்கேணி மான்ஷன்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நாற்பது அறைகள், அறைக்கு இரண்டு மூன்று பேர். ஆனால் தெருவைப் பொறுத்த வரையில் கட்டிடத்துக்குக் கதவிலக்கம் ஒன்றுதான். தபால்காரர் மாடிப்படி ஏறுவதில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் மானேஜரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எந்தக் கடிதம் எந்த அறைக்கு என்பது மானேஜரின் பொறுப்பு.

நம் வீட்டு ரூட்டர்தான் அந்த மானேஜர். வீட்டுக்கு வெளியே தெரிவது அதன் விலாசம் ஒன்றுதான். வீட்டுக்குள்ளே இருக்கும் யந்திரங்களுக்கு அது அறை எண் கொடுக்கிறது. புதிதாக ஒரு செல்போன் வீட்டுக்குள் நுழைந்ததும், "நான் வந்திருக்கிறேன், எனக்கு ஓர் எண் வேண்டும்" என்று கூவும். "இந்தா, 192.168.1.5, இன்ன நேரம் வரையில் இது உன்னுடையது" என்று ரூட்டர் சீட்டுக் கொடுக்கும். ஓட்டல் அறை வாடகைக்குக் கொடுக்கிற மாதிரியேதான். கெடு முடியுமுன் புதுப்பித்துக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அறை வேறொருவருக்குப் போய்விடும்.

192.168 என்று ஆரம்பிக்கும் எண்ணை உங்கள் வீட்டிலும் பார்க்கலாம், அடுத்த வீட்டிலும் பார்க்கலாம், அமெரிக்காவில் உங்கள் தமக்கை வீட்டிலும் பார்க்கலாம். குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். வராது. 'ஐந்தாம் நம்பர் அறை' என்பது எல்லா மான்ஷனிலும்தான் இருக்கிறது! வீட்டுக்குள் மட்டும் வழங்குவதற்கென்றே இந்த எண்களை ஒதுக்கி 1996 பிப்ரவரியில் விதி எழுதிவிட்டார்கள். 10 என்று தொடங்கும் வரிசை ஒன்று, 172.16 முதல் 172.31 வரையில் ஒன்று, 192.168 என்று தொடங்குவது ஒன்று. இந்த எண்கள் வாசலைத் தாண்டி வெளியே செல்லுபடியாகா.

சரி, வெளியே போன கேள்விக்குப் பதில் வரும்போது அது யாருக்கு என்று மானேஜருக்கு எப்படித் தெரியும்? நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாரே! ஒவ்வொரு யந்திரமும் ஒரு கேள்வி அனுப்பும்போது அதில் 'போர்ட்' என்ற ஓர் எண்ணும் இருக்கும். 0 முதல் 65,535 வரை அந்த எண் போகலாம். பெண்ணின் டாப்லெட், 'பாடத்தின் நாலாம் பக்கம் வேண்டும்' என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுகிறது. ரூட்டர் அதை வாங்கி, அனுப்புநர் விலாசத்தை அடித்துவிட்டுத் தன் விலாசத்தை எழுதுகிறது. கூடவே 40,001 என்று ஓர் எண் போட்டு, 'நாற்பதாயிரத்து ஒன்று: டாப்லெட்டுக்கு' என்று நோட்டில் குறித்துக் கொள்கிறது. அதே கணத்தில் பிள்ளையின் லாப்டாப்பிலிருந்து இன்னொரு கடிதம். 'நாற்பதாயிரத்து இரண்டு: லாப்டாப்புக்கு.' பதில் வந்ததும் எண்ணைப் பார்க்கிறது, நோட்டைப் புரட்டுகிறது, விலாசத்தைத் திருப்பி மாற்றி உரிய யந்திரத்திடம் சேர்ப்பிக்கிறது. இதை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை, அலுப்பில்லாமல், சம்பளம் இல்லாமல் செய்கிறது!

நோட்டில் பதிவே இல்லாமல் வெளியிலிருந்து ஒரு கடிதம் தானாக வந்தால்? "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று மானேஜர் அதைக் குப்பையில் போட்டுவிடுவார். கண்ட கண்ட விஷமிகள் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பவர்களை எட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இதையே முழுக் காவல் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. உள்ளே இருப்பவரே போய் விஷமியோடு பேச்சுக் கொடுத்தால் மானேஜர் என்ன செய்வார், பாவம்!

இப்போது பல கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போய், பல வீடுகளைச் சேர்த்து ஒரே வெளி விலாசத்தின் பின்னால் வைத்துவிட்டன. மானேஜருக்கு மேல் ஒரு பெரிய மானேஜர்! அதற்கென்றே 100.64 என்று தொடங்கும் வரிசையை 2012-ல் ஒதுக்கினார்கள். உண்மையான பரிகாரம் ஐ.பி. ஆறாம் பதிப்பு. அதில் கிடைக்கும் விலாசங்களின் தொகையை எழுதினால் 39 இலக்கம் வரும். வீட்டில் உள்ள ஒவ்வொரு பல்புக்கும் விலாசம் கொடுத்தாலும் தீராது. 2012 ஜூன் 6-ந் தேதி அது உலகளவில் நிரந்தரமாக நடைமுறைக்கு வந்தது. அதைக் கைக்கொள்வதில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது என்பது நமக்குப் பெருமை.

காற்றில் நடக்கும் சம்பாஷணை

ரூட்டரிலிருந்து யந்திரங்களுக்குக் கம்பியும் இழுக்கலாம், காற்றிலும் அனுப்பலாம். காற்றில் அனுப்புவதைத்தான் வைஃபை என்கிறோம். இது ரேடியோ அலை, மந்திரம் அல்ல. ஆகையால் ரேடியோவுக்குள்ள குணதோஷங்கள் எல்லாம் இதற்கும் உண்டு.

ஒன்பது பேர் ஓர் அறையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினால் சந்தைக்கடை ஆகிவிடும். ஆகவே ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் பேச வேண்டும். வைஃபையில் அதுதான் விதி. இதில் ஒரு சூட்சுமம். ரூட்டரின் பக்கத்தில் இருக்கும் யந்திரம் மளமளவென்று பேசி முடித்துவிடும். கடைசி அறையில், மூன்று சுவருக்கு அப்பால் இருக்கும் யந்திரத்துக்குச் சரியாகக் காது கேட்காது. அதனிடம் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். அந்த நேரம் முழுவதும் மற்றவர்கள் வாயைப் பொத்திக் காத்திருக்க வேண்டியதுதான். ஒருவருடைய தூரம் எல்லாருடைய வேகத்தையும் குறைக்கிறது.

வைஃபையில் சாதாரணமாக இரண்டு அலைவரிசைகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது சுவரைத் துளைத்துக்கொண்டு தூரம் போகும். ஆனால் அங்கே கூட்டம் அதிகம். அண்டை வீட்டு ரூட்டர்கள், புளூடூத் கருவிகள் எல்லாம் அதில்தான். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது படம் திக்கித் திணறுவதற்கும் அதுவே காரணம். அடுப்பும் கிட்டத்தட்ட அதே அலையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் என்பது வேகமானது, கூட்டம் குறைவு. ஆனால் கெட்டிச் சுவர் குறுக்கிட்டால் சோர்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஐந்து, தூரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டரை என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

ரூட்டரை எங்கே வைப்பது? பலர் அது அழகாக இல்லை என்று இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். இரும்பு ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். ஃப்ரிஜ்ஜின் பக்கத்திலும் வேண்டாம். மீன் தொட்டிக்குப் பின்னாலும் வேண்டாம். தண்ணீர் இந்த அலைகளைக் குடித்துவிடும். வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைப்பதே உத்தமம். இடம் பெயராத மேஜைக் கம்ப்யூட்டருக்கும் டெலிவிஷனுக்கும் கூடுமானால் கம்பியே இழுத்துவிடுங்கள். நூறு மீட்டர் வரையில் கம்பி சோர்வதில்லை. அந்த இரண்டும் காற்றை விட்டு விலகினால் மற்ற ஏழு பேருக்கும் பேச அவகாசம் கிடைக்கும்.

ராத்திரி எட்டு மணி

வேகக் கணக்கில் ஒரு சின்ன விஷயத்தை முதலில் தெளிவு செய்துகொள்வோம். கம்பெனிக்காரர் சொல்வது மெகாபிட். நாம் படத்தின் அளவைச் சொல்வது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் கம்பியில் விநாடிக்கு வருவது அதிகபட்சம் பன்னிரண்டரை மெகாபைட்தான். "நூறு என்று சொல்லிப் பன்னிரண்டு கொடுக்கிறானே!" என்று யாரையும் திட்ட வேண்டியதில்லை.

இப்போது 20 மெகாபிட் கம்பி உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ராத்திரி எட்டு மணி. கூடத்தில் தெளிவான படம் ஓடுகிறது. அதற்கு 5 மெகாபிட். அப்பா ஆபீஸ்காரர்களோடு முகம் பார்த்துப் பேசுகிறார். அதற்கு ஏறக்குறைய 3. பெண் பாடம் பார்க்கிறாள். அதற்கு ஒரு 3. மொத்தம் 11. இன்னும் 9 மிச்சம் இருக்கிறதே, பின் ஏன் படம் நிற்கிறது?

மாடியில் பிள்ளை ஒரு விளையாட்டை இறக்கிக்கொண்டிருக்கிறான். படத்துக்கு ஓர் அளவு உண்டு. பேச்சுக்கு ஓர் அளவு உண்டு. இறக்குமதிக்கு அளவே கிடையாது. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அதுமட்டுமல்ல, பங்கு கிடைப்பது ஆள் கணக்கில் அல்ல, தொடர்புக் கணக்கில். பெண்ணின் பாடம் ஒரு தொடர்பில் வருகிறது. விளையாட்டு எட்டுத் தொடர்புகளைத் திறந்துகொண்டு வருகிறது. பந்தியில் ஒருவரே எட்டு இலை போட்டு உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் கதி என்ன?

இன்னொரு சத்துருவும் உண்டு. எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய இரவு. நாலு செல்போன்களும் எடுத்த படங்களை எல்லாம் தாமாகவே வெளியே அனுப்ப ஆரம்பிக்கின்றன. பல இணைப்புகளில் உள்ளே வரும் பாதை அகலம்; வெளியே போகும் பாதை குறுகல். அந்தக் குறுகல் பாதையின் வாயிலில் ரூட்டர் ஒரு கிடங்கு வைத்திருக்கிறது. படங்கள் எல்லாம் அதில் வரிசையாக நிற்கின்றன. பெண்ணின் 'அடுத்த பக்கம்' என்ற துளிக் கோரிக்கையும் அந்த வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதாகிறது. ரெயில்வே கவுண்டரில் முன்னால் ஒருவர் கல்யாணப் பார்ட்டிக்கு இருநூறு டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்க, பின்னால் ஒருவர் ஒரே ஒரு பிளாட்பாரம் டிக்கெட்டுக்காக நின்று வண்டியைக் கோட்டைவிடுகிறாரே, அந்தக் கதைதான்!

2010-ல் அமெரிக்காவில் ஜிம் கெட்டிஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர், தம் வீட்டிலேயே பெரிய கோப்புகளை அனுப்பும்போது இணைப்பு மந்தமாகிவிடுவதைக் கவனித்தார். துருவிப் பார்த்ததில், கம்பி குறுகலாக இருப்பது மட்டும் குற்றமல்ல, பெட்டிகளுக்குள் இருக்கும் கிடங்கு அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதே குற்றம் என்று கண்டார். கிடங்கு பெரிதானால் வரிசையும் நீளந்தானே? 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேகப்ஸன் என்ற இருவர் வரிசையை நீளவிடாமல் காக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதோடு, ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை வைத்து ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிக் கொடுக்கும் முறையும் வந்தது. பிளாட்பாரம் டிக்கெட்டுக்காரர் உடனே வாங்கிக்கொண்டு போய்விடலாம். சில ரூட்டர்களில் இந்த வசதி இருக்கிறது. அடுத்த முறை ரூட்டர் வாங்கும்போது, "வரிசையை ஒழுங்கு செய்யும் வசதி உண்டா?" என்று விசாரியுங்கள். வேகமான இணைப்புக்கு மாதாமாதம் அதிகப் பணம் கொடுப்பதைவிட இது சில வீடுகளில் அதிகப் பலன் தரும்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?

அந்த நாளில் பக்கத்து வீட்டு மாமி காப்பிப் பொடி கடன் கேட்பார். மாமா பத்திரிகை இரவல் கேட்பார். இந்த நாளில், "உங்கள் வைஃபை பாஸ்வேர்டு என்ன, மாமி?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பாஸ்வேர்டே வைக்காத புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

2008 ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்னால் பத்திரிகைகளுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. போலீஸார் அதன் ஐ.பி. விலாசத்தைப் பின்பற்றிப் போனபோது, அது நவி மும்பையில் ஒரு குடியிருப்பில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் இணைப்பில் போய் நின்றது. அவருக்கும் சம்பவத்துக்கும் சம்பந்தமில்லை. பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையை வேறு யாரோ உபயோகித்துவிட்டார்கள். ஆனால் விசாரணைக்கு ஆளானவர் அவர்தான். மான்ஷன் உவமையை நினைத்துப் பாருங்கள். வெளி உலகத்துக்குத் தெரிவது மானேஜரின் விலாசம் மட்டுமே. எந்த அறையிலிருந்து யார் எழுதினார்கள் என்பது தெரியாது. உங்கள் கம்பி வழியாக யார் என்ன செய்தாலும், அது முதலில் வந்து தட்டுவது உங்கள் கதவைத்தான். 2009-ல் சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகாவும் வைஃபையைப் பாதுகாத்து வைப்பது பற்றிக் கட்டளை பிறப்பித்தது.

ஆகவே கீழ்க்கண்டவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்து முடித்துவிடுங்கள்:

பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்பதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.இ.பி. என்ற பழைய பூட்டை எளிதில் திறக்கலாம் என்று 2001-லேயே நிரூபித்துவிட்டார்கள்.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். செல்போன் நம்பரும் குழந்தையின் பிறந்த தேதியும் வேண்டாம். சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும். மற்றவர் ஊகிக்கவும் முடியாது.

ரூட்டருக்குள்ளே நுழைவதற்கென்று வேறு ஒரு பாஸ்வேர்டு உண்டு. கடையிலிருந்து வந்தபடியே அதை விட்டு வைக்காதீர்கள். அது ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம்.

விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி பெரும்பாலான ரூட்டர்களில் உண்டு. வந்தவர்களுக்கு அதைக் கொடுங்கள். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். உள் அறைக்கு வரமாட்டார்கள்.

அடுத்த வீட்டோடு நிரந்தரமாகப் பங்குபோட்டுக் கொள்வதற்கு முன்னால் கம்பெனியின் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். சொந்த வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று நிபந்தனை இருக்கலாம்.

யந்திரம் அறியாதது

2020 மார்ச்சு மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது இந்த ஒற்றைக் கம்பியின் அருமை நமக்கெல்லாம் தெரிந்தது. ஆபீஸ் அதில் நடந்தது. பள்ளிக்கூடம் அதில் நடந்தது. ஊரில் இருக்கும் தாத்தாவின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். சொந்த லாப்டாப் இல்லாத குழந்தைகள் அப்பாவின் செல்போனுக்காகக் காத்திருந்தார்கள். கம்பி இருந்த வீடுகளிலும் யாருக்கு முதலில் என்பது பெரிய கேள்வியாக இருந்தது.

நல்ல ரூட்டர், வந்ததைப் பங்கிட்டுக் கொடுக்கும். பெரியவர் சிறியவர் பாராமல் ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிக் கொடுக்கும். ஆனால் பெட்டிக்குள் ஓடும் செய்திகளில் எது வேலைக்கான நேர்முகப் பேட்டி, எது பொழுதுபோக்குச் சினிமா என்று அதற்குத் தெரியாது. பெண்ணுக்கு நாளைக் காலையில் பரீட்சை என்பது தெரியாது. வாரத்துக்கு ஒரு தரம் பேரனோடு பேசக் காத்திருக்கும் பாட்டியின் மனசும் அதற்குத் தெரியாது. இவையெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் கடைசி யோசனை ஒன்று. இதற்குச் செலவே இல்லை. பெரிய இறக்குமதிகளும், படங்களை வெளியே அனுப்புவதும் எல்லாரும் தூங்கிய பிறகு நடக்கும்படி யந்திரங்களில் நேரம் குறித்து வையுங்கள். அந்த வசதி பலவற்றில் இருக்கிறது. மற்றதற்கு, சாயங்காலம் காப்பி சாப்பிடும்போது, "இன்றைக்கு ராத்திரி யாருக்கு அவசர வேலை?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். இருக்கும் கம்பியே ஒன்பது பேருக்கும் தாராளமாகப் போதும்!